எட்டாம் நாள்முதல் அமலுக்கு வரும்

செப்டம்பர் 3, திங்கள்

காலை ஏழே கால் மணிக்குத் தரைத்தள நடைவழியின் அறிவிப்புப் பலகையைக் கழற்றினார்கள். இந்த நீர்வழங்கல் நிறுவனத்தின் செயலாளராக நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு அறிவிப்பும் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பச்சைத் துணியின்மேல்தான் குத்தப்பட்டது. நான்கு திருகாணிகள். மூன்று சுலபமாக வந்துவிட்டன. நான்காவது துருவேறி, மரச்சட்டத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

பலகையிலிருந்த தாள்களை யாரும் எடுக்கவில்லை. ஜூலையில் இறந்த குழாய்ப் பணியாளரின் கறுப்புக் கரையிட்ட மரண அறிவிப்பு ஒன்று. போன புத்தாண்டுக்குத் தொழிற்சங்கம் யார் யாருக்குக் கறிக்காகப் பாதிப் பன்றி வாங்கித் தந்தது என்ற பட்டியல் ஒன்று. கெடு முடிந்த அறிவிப்புகளை முப்பது நாளில் அகற்ற வேண்டும். பதிவறை எழுத்தர் ஸ்போமெங்காவிடம் இதை இரண்டு முறை எழுத்து மூலம் சொல்லியிருக்கிறேன்.

அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "செக்ரட்டரி சார், செத்தவரையும் பன்னியையும் சேத்தே தூக்கிட்டுப் போறாங்க" என்றார்.

உத்தரவு நெபோய்ஷாவினுடையது. போன வாரம்வரை தொழில்நுட்ப மேலாளர், இப்போது 'மாற்றத்துக்கான துணை இயக்குநர்'. என் கூம். என் திருமணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன், என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவன். எங்களிடையே இரத்த உறவைவிட இது ஒரு படி மேல். உடன்பிறந்தவனோடு பேசாமலிருப்பவர்கள் உண்டு, கூமோடு பேசாமலிருப்பவர்கள் அரிது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 4, செவ்வாய்

பலகை இருந்த இடத்தில் திரை வந்துவிட்டது. அதில் ஒரு நீர்த்துளி விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, தரையைத் தொடுவதே இல்லை.

செப்டம்பர் 10, திங்கள்

மேற்பார்வைக் குழுக் கூட்டம். எதுவும் விடுபடாமல் எழுத வேண்டும். வரிசையாக எழுத வேண்டும்.

நிறுவனத்தை மாற்றியமைக்கும் திட்டத்தை நான் இரண்டு குளிர்காலங்கள் உட்கார்ந்து எழுதினேன். நூற்று நாற்பது பக்கங்கள். மூன்று ஆண்டுகள். அதன் முதல் வாக்கியம்: 'முதலாம் ஆண்டில் எவருடைய நாற்காலியும் நகராது.' இரண்டாம் ஆண்டில் நீர்மானி அளவெடுப்பவர்களுக்குப் புதுக் கருவிகளில் பயிற்சி. ஓய்வுபெறுவோரின் இடங்கள் மூன்றாம் ஆண்டில் தாமாகக் காலியாகும். அவற்றை நிரப்பாமல் விட்டால் போதும். ஒரு மனிதனைக்கூட வெளியே தள்ளாமல் நிறுவனம் சிறுத்துவிடும். மாற்றம் என்பது வரிசை. வால்வை மூடிய பிறகுதான் குழாயை அறுக்கலாம்.

தொழில்நுட்பக் கணக்குகளைச் சரிபார்க்க, பிப்ரவரியில் நெபோய்ஷாவின் சமையலறை மேசைமேல் ஒரு பிரதி வைத்தேன். இன்று அது சுவரில் ஒளிர்ந்தது. என் அட்டவணைகள், என் அரைப்புள்ளிகள், நாற்பதாம் பக்கத்தில் என் அடிக்குறிப்பு. என் பெயர் மட்டும் இல்லை. மூன்று ஆண்டுகள் என்றிருந்தது வெறும் ஆறு மாதங்கள் என்றாகியிருந்தது. முதல் வாக்கியம் இல்லை. முப்பத்தொரு பணியிடங்கள் நீக்கம். அவை போகத் தனியாக ஒன்று: 'செயலாளர்' என்ற பதவி 'ஆவண ஆலோசகர்' ஆகிறது.

புதிய பணியிட விதித்தொகுப்பைக் குழு பதினொரு நிமிடங்களில் நிறைவேற்றியது. யார் எந்த நாற்காலியில், எத்தனை நாற்காலி என்று சொல்லும் அந்தப் புத்தகம் மாறினால்தான் இந்த நாட்டில் ஒரு நிறுவனம் மாறியதாகப் பொருள். அதன் எழுபத்து நான்கு விதிகளில் அறுபதையாவது என் பழைய தொகுப்பிலிருந்து அப்படியே எடுத்திருந்தான்.

கை தூக்கினேன். அவன் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "செயலாளர் அவர்களே, கேள்வி இருந்தா எழுத்துல கொடுங்க."

செயலாளர் அவர்களே. இருபத்து நான்கு வருஷமா 'கூமே'ன்னு கூப்பிட்ட வாய்.

எங்கள் பொது இயக்குநர் நகரசபை நியமித்த பல் மருத்துவர். கூட்டம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, வலிக்காது என்றார்.

செப்டம்பர் 12, புதன்

நிலவறைக்கு மாற்றப்பட்டேன். ஒரு மேசை, கூரையையொட்டி ஒரு சன்னல், நாற்பது அலமாரிகள். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது அந்த அறிவிப்புப் பலகை, இறந்தவரோடும் பன்றிப் பட்டியலோடும்.

வீட்டில் ரதோய்கா என்னென்னவோ கேட்டாள். சம்பளம் குறையவில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. என் மனைவிக்கும் எனக்கும் இடையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

அவனை விழத்தட்ட வேண்டும். எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப்போவதில்லை.

செப்டம்பர் 20, வியாழன்

கிடைத்துவிட்டது.

புதிய விதித்தொகுப்பு பதினெட்டாம் தேதிமுதல் நடைமுறையில் இருப்பதாக நெபோய்ஷா எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். வேறு வேலை இல்லாததால் தொகுப்பை முதலிலிருந்து படித்தேன். கடைசி விதி, எழுபத்து நான்கு: 'இத்தொகுப்பு அறிவிப்புப் பலகையில் வெளியிடப்பட்ட நாளிலிருந்து எட்டாம் நாள் அமலுக்கு வரும்.'

என் வாக்கியம். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியது. அவன் படிக்காமலே படியெடுத்திருக்கிறான்.

பலகையை மூன்றாம் தேதி கழற்றினான். தொகுப்பைப் பத்தாம் தேதி நிறைவேற்றினான். எந்தப் பலகையில் வெளியிட்டான்?

திரையில் வெளியிட்டதாகச் சொல்வான். அறுபத்தொரு பக்கத் தொகுப்பு திரையில் வரவேயில்லை. 'புதிய காலம் தொடங்குகிறது' என்ற ஒற்றை வரிதான் துளிக்குக் கீழே ஓடியது. வந்திருந்தாலும் பயனில்லை. நிறுவனச் சாசனத்தின் பன்னிரண்டாம் பிரிவு அறிவிப்புப் பலகை எதுவென்று வரையறுக்கிறது: தலைமை அலுவலகத் தரைத்தளத்தில் அச்சிட்ட தாள்கள் குத்தப்படும் பலகை. அதுவும் என் வாக்கியமே. சாசனத்தைத் திருத்த நகரசபை கூட வேண்டும்.

ஸ்போமெங்காவிடம் அறிவிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். எதை ஒட்டினாலும் நாளும் மணியும் அதில் ஏறும். அவர் வழக்கம்போல் இரவல் குறிப்பேட்டை நீட்டி, "சாமியே வந்து கேட்டாலும் கையெழுத்து போட்டாத்தான் தருவேன்" என்றார். கையெழுத்திட்டேன். பதிவேட்டின் கடைசிப் பதிவு ஆகஸ்ட் 27.

ஆகவே புதிய விதித்தொகுப்பு இல்லை. அது பிறக்கவே இல்லை. அதன் பெயரால் இனி அவன் எதில் கையெழுத்திட்டாலும் அது வெறும் காகிதம்.

மாட்டினான்.

செப்டம்பர் 21, வெள்ளி

யாரிடமும் சொல்லக்கூடாது. ரதோய்காவிடமும்.

செப்டம்பர் 24, திங்கள்

இன்று சொன்னால் என்ன ஆகும்? நாளை ஒரு தச்சனைக் கூப்பிடுவான், பலகையை மாட்டுவான், தாளைக் குத்துவான், எட்டு நாள் பொறுப்பான். ஒரு தும்மலோடு முடிந்துவிடும். அவனுக்கு நான் செய்த உதவியாகிவிடும்.

காத்திருந்தால்? பணிநீக்கக் கடிதங்கள் போகும். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்து. கடிதம் பெற்றவர் அறுபது நாளுக்குள் முறையிடலாம். அந்த அறுபது நாளுக்குள் எந்த நாளில் நான் வாய் திறந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. எவ்வளவு பிந்துகிறேனோ அவ்வளவு கையெழுத்துகள், அவ்வளவு ஆழம்.

நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். பிழையில்லை.

அக்டோபர் 1, திங்கள்

உறைகள் வழங்கப்பட்டன. முப்பத்தொன்று. நவம்பர் 30 கடைசி வேலை நாள். முறையீட்டுக் கெடுவும் அன்றே முடிகிறது.

ஸ்போமெங்காவுக்கும் ஒன்று. பதிவறை கணினிக்கு மாறுகிறதாம். ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உண்டு. படியிறங்கி வந்து என் மேசையோரம் உட்கார்ந்தார். தன் பணிநீக்கக் கடிதத்துக்குத் தானே வரிசை எண் போட வேண்டியிருந்ததாகச் சொன்னார். "நானூத்திப் பன்னெண்டு. நல்ல நம்பர்தான்" என்றார். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை.

வால்வுப் பணியாளர் யோவிட்சாவுக்கும் உறை. இந்த ஊருக்கடியில் எந்த வால்வு எந்தப் பக்கம் திருகும் என்பது அவர் தலையில் மட்டுமே இருக்கிறது. என் திட்டத்தில் அவருக்காகவே ஓர் இணைப்பு வைத்திருந்தேன்: இரண்டு ஆண்டுகள், வால்வு வால்வாக, அவர் சொல்லச் சொல்லப் பதிவு. அதைக் கிழித்துவிட்டான்.

சொல்லவில்லை. அறுபது நாள் இருக்கிறது.

அக்டோபர் 17, புதன்

திரையில் இன்று நெபோய்ஷாவின் முகம். 'மாற்றத்தை வழிநடத்துவோர்' என்று கீழே. அதன் முன்னால் நின்று தேநீர் குடித்தேன், முழுக்கோப்பையும்.

அக்டோபர் 31, புதன்

நெபோய்ஷா குடும்பத்தின் காவல் புனிதருக்கான ஆண்டு விழா நாள். இதற்கு யாரும் அழைப்பதில்லை, போக வேண்டியவர்கள் போவார்கள். போகாவிட்டால் பகையென்று பொருள். என் பகை இன்னும் யாருக்கும் தெரியக்கூடாது. போனேன்.

வாசலில் அவன் மனைவி தட்டு நீட்டினாள். வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து அவித்த கோதுமை. நெற்றியில் சிலுவையிட்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். இருபத்து நான்காம் முறை. இறைச்சி விலக்கும் புதன்கிழமையில் வந்ததால் மேசையில் மீன்தான், தீசா ஆற்றுக் கெண்டை, சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள் போட்ட சாறு. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

விருந்தாளிகள் நடுவில் அவன் எழுந்து என் கிண்ணத்தில் பிளம் பழச் சாராயமான ரக்கியா ஊற்றினான். தாழ்ந்த குரலில், "கோவமா கூமே?" என்றான்.

வீட்டில் கூமே, கூட்டத்தில் செயலாளர் அவர்களே. "எதுக்குக் கோவம்?" என்றேன். "ஒன்னை வெளியே அனுப்பச் சொன்னாங்க. நான்தான் கீழ ஒரு ரூம் கேட்டு வாங்கினேன்" என்றான். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தான். சத்தியமா எதிர்பார்த்தான். மூஞ்சியப் பாத்தா தெரியாதா?

அவன் வீட்டுக் கோதுமை பல்லிடுக்கில் இன்னும் இருக்கிறது.

நவம்பர் 5, திங்கள்

புதிய அறிவிப்பு, மின்னஞ்சலில். கடிதம் பெற்றவர்கள் பதினைந்தாம் தேதிக்குள் 'தாமாக முன்வந்து விலகுகிறேன்' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கூடுதல் தொகை, உடனடியாக.

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கையெழுத்திட்டவரைப் பணிநீக்கம் செய்ததாகாது, அவரே போனதாகும். விதித்தொகுப்பு செல்லாது என்று நாளை தீர்ப்பு வந்தாலும் அவருக்கு அது உதவாது. அறுபது நாள் பாதுகாப்பு அவருக்கு இல்லை.

நான்கு முறை சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். மேலே இருக்கிறது.

நவம்பர் 6, செவ்வாய்

நவம்பர் 23 வெள்ளியன்று நகரசபையில் மாற்றத் திட்டத்தின் அறிக்கை. 'எல்லா உள்விதிகளும் முறைப்படி அமலில் உள்ளன' என்ற உறுதிமொழியில் நெபோய்ஷா தனியாகக் கையெழுத்திட வேண்டும். பல் மருத்துவர் இல்லை, குழு இல்லை. அவன் மட்டும். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு அவனால் யார்மேலும் பழி போட முடியாது.

இன்னும் பதினேழு நாள். இன்று பேசினால் அவன் தப்பிப்பான்.

எல்லோரும் கையெழுத்திட மாட்டார்கள். வயது வந்தவர்கள். படிக்கத் தெரிந்தவர்கள்.

நவம்பர் 12, திங்கள்

அதிகாலை ஐந்து மணிக்கு ரயில் நிலையத்துக்கு அப்பாலுள்ள குடியிருப்பில் பெருங்குழாய் வெடித்தது. வரைபடத்தை வைத்துக்கொண்டு நெபோய்ஷாவின் புது அணி ஒன்பது மணி நேரம் வால்வு தேடியது. மருத்துவமனைக்கே நீர் நின்றது. கடைசியில், விடுப்பில் வீட்டிலிருந்த யோவிட்சாவுக்குத் தொலைபேசி. மிதிவண்டியில் வந்தார், நெபோய்ஷா பார்க்க முழங்காலளவு சேற்றில் இறங்கினார், கையை விட்டுத் தடவினார், இடப்பக்கமாகப் பதினான்கு சுற்று.

"இது எதிர்ப்பக்கம் திருகும் சார். அறுபத்தெட்டுல செக் நாட்டுக்காரன் போட்டது" என்றாராம். நெபோய்ஷா அவரிடம் பெயர் கேட்டானாம்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மருத்துவமனை என்று தெரிந்தும் மகிழ்ச்சியாக இருந்தது.

நவம்பர் 15, வியாழன்

பதினொன்றரை மணிக்கு ஸ்போமெங்கா வந்தார், கையில் அந்த ஒப்பந்தம். மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மகள் வீட்டுக் கூரை, கணவரின் அறுவைச் சிகிச்சை, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்: "போடட்டுமா வேணாமா? இந்தக் கட்டடத்துல சட்டம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னா சரி."

அவர் பின்னால் அந்தப் பலகை. கையை நீட்டினால் தொட்டிருப்பார்.

போடாதீர்கள் என்று சொன்னால் ஏனென்று கேட்பார். ஏனென்று சொன்னால் மதியத்துக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். எட்டு நாள் மட்டுமே மிச்சம். எட்டே நாள்.

"முடிவு உங்களுடையது" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று எழுந்துபோனார்.

நவம்பர் 16, வெள்ளி

பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஸ்போமெங்கா பன்னிரண்டாவது. யோவிட்சா மறுத்துவிட்டார், படிவத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம்.

பதினான்கு பேர் மிச்சம்.

நவம்பர் 23, வெள்ளி

கையெழுத்திட்டான். நீல மை.

நவம்பர் 26, திங்கள்

தொழிலாளர் நல ஆய்வாளர் அலுவலகத்தில் புகாரை நேரில் கொடுத்தேன்: மூன்று பக்கம், ஏழு இணைப்புகள், என் முழுப்பெயர். அநாமதேயமாக அனுப்புகிறவன் நான் இல்லை. ஆய்வாளர் அம்மையார் மூன்று பக்கத்தையும் என் எதிரிலேயே படித்தார். கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"பலகையவே கழட்டிட்டாங்களா?" என்றார்.

"நிலவறையில் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அறுபத்தேழு நாள் காத்திருந்தவன் சிரிக்க மாட்டான்.

நவம்பர் 29, வியாழன்

ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார். நடைவழியில் நின்றபடி, அறிவிப்புப் பலகையைக் காட்டுங்கள் என்று நெபோய்ஷாவிடம் கேட்டார். அவன் பெருமையோடு திரையைக் காட்டினான். திரையில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் சாசனத்தின் பன்னிரண்டாம் பிரிவைச் சத்தமாக வாசித்தார். பிறகு எழுபத்து நான்காம் விதியை. பிறகு, தொகுப்பு எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே குத்தப்பட்டது என்று கேட்டார்.

அவன் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு திருகாணிகளும் கழன்றன. கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்தான். நான் தலையைத் திருப்பவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எல்லாம். அதற்குத் தகுந்ததாகவே இருந்தது. தகுந்ததாகவே இருந்தது.

நவம்பர் 30, வெள்ளி

ஆய்வாளரின் உத்தரவு வந்தது. பதினான்கு பணிநீக்கங்களும் செல்லாது, திங்கள்முதல் அவர்கள் வேலைக்குத் திரும்பலாம். பதினேழு ஒப்பந்தங்கள் பற்றி ஒரு வரி: விருப்பத்தின்பேரில் செய்யப்பட்டவை, தலையிட இடமில்லை.

ஸ்போமெங்காவுக்குக் கடைசி நாள். நான்கு மணிக்குக் கீழே வந்தார், கையில் இரவல் குறிப்பேடு. ஒப்படைக்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தாராம். ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். 'செப்டம்பர் 20. அறிவிப்புப் பதிவேடு.' எதிரே என் கையெழுத்து.

"செப்டம்பர் இருவது" என்றார். "நான் இந்த நாக்காலியில ஒக்காந்து கேட்டது நவம்பர் பதினஞ்சு."

என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது, அது முறையாகவும் இருந்தது. தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவன் எங்கள நம்பரா பாத்தான். நீங்க எங்கள நாளா எண்ணியிருக்கீங்க. விடுங்க."

பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பலகைக்கான குண்டூசிகள். "இத எந்தப் பட்டியல்லயும் ஏத்தல. வெச்சுக்கோங்க, உங்களுக்குத் தேவைப்படும்."

சார் என்று சொல்லவில்லை. செக்ரட்டரி என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 3, திங்கள்

பதினான்கு பேரும் திரும்பினார்கள். யோவிட்சா ஒரு புட்டியோடு நிலவறைக்கு வந்தார், அவரே காய்ச்சிய பிளம் ரக்கியா. "உங்களாலதான் சார். நீங்க இல்லைன்னா நாங்க தெருவுல" என்றார். என் கையைக் குலுக்கிய அவருடைய கை மணல்தாள் போலிருந்தது. புட்டியை அலமாரியில் வைத்தேன்.

டிசம்பர் 7, வெள்ளி

நெபோய்ஷா நீக்கப்பட்டான். பொய் உறுதிமொழிக்காக நகரசபை வழக்கும் தொடரும். திரையிலிருந்து அவன் முகத்தை எடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 10, திங்கள்

ஒப்படைப்பு. விதிப்படி செயலாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். விதித்தொகுப்பு பிறக்கவில்லையாதலால் நான்தான் இன்னும் செயலாளர். சாவிகள், கார், இரண்டு முத்திரைகள், மடிக்கணினி. ஒவ்வொன்றாக வாசித்தேன், ஒவ்வொன்றாக வைத்தான். கடைசியில் கையெழுத்திட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினான்.

"எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு. ஒனக்கு எப்பத் தெரியும்?"

பட்டியலில் என் கையெழுத்தை இட்டேன்.

"உன் திட்டத்த எடுத்தேன். உண்மைதான். உன் பேர் இருந்தா நகரசபைல பாக்கவே மாட்டாங்க. எடுத்தேன், வெட்டினேன், அதுக்கு நீ என்ன வேணா செய். ஆனா அந்தக் கடைசி விதிய நான் படிக்கவேயில்ல, கூமே. நீ எழுதினத நான் எப்பவுமே படிச்சதில்ல. இருபத்து நாலு வருஷத்துல ஒரு தடவகூட. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கோட்டை மாட்டிக்கொண்டு போனான்.

ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு பொருள் விடுபட்டிருந்ததை அவன் போனபின்தான் கவனித்தேன். திரையின் தொலையியக்கி. நாளை கேட்டு வாங்க வேண்டும்.

டிசம்பர் 14, வெள்ளி

பல் மருத்துவர் அழைத்தார். மாற்றத்துக்கான துணை இயக்குநர் பதவி இனி எனக்கு. இரண்டாம் மாடி, ஆற்றைப் பார்த்த சன்னல்.

என் மூன்றாண்டுத் திட்டத்தை மேசைமேல் வைத்தேன். நூற்று நாற்பது பக்கம், முதல் வாக்கியத்தோடு. அவர் திறக்கவில்லை.

"மூணு வருஷம் வாயத் தெறந்து வெச்சுட்டு யாராவது ஒக்காந்திருப்பாங்களா?" என்றார். "குழு ஏற்கெனவே ஒரு தொகுப்பு நிறைவேத்தியிருக்கு. அத யாரும் ரத்து பண்ணல. புடுங்க வேண்டிய பல்லு அதேதான், நெபோய்ஷா தப்பா இழுத்துட்டார். நீங்க ஒழுங்காப் புடுங்குங்க. ஒட்டணும், அவ்வளவுதானே?"

சட்டப்படி அவர் சொல்வது சரி. நிறைவேற்றப்பட்ட தொகுப்பு வெளியீட்டுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவே. வெளியிடுவது கடமை. மறுப்பதற்கு எனக்கு விதியில் இடமில்லை. தேடினேன். இல்லை.

மறுக்கலாம் — விதியில் இடமில்லாவிட்டாலும் மறுக்கலாம். பதவி வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். அந்தச் சன்னல். அவன் உட்கார்ந்த நாற்காலி.

ஒரு திருத்தம் மட்டும் பெற்றேன். செயலாளர் பதவி நீக்கப்படாது.

டிசம்பர் 19, புதன்

தச்சர் வந்து பலகையை மாட்டினார். உடைந்த சில்லை ஒட்டி, நான்கு புதுத் திருகாணிகள். மரண அறிவிப்பையும் பன்றிப் பட்டியலையும் அகற்றினேன். காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அறுபத்தொரு பக்கத்தையும் நானே குத்தினேன், ஸ்போமெங்காவின் குண்டூசிகளால். பதிவேட்டில் நாளும் மணியும் ஏற்றினேன்.

இன்று புனித நிகோலா நாள், அலுவலகத்தில் பாதிப்பேர் குடும்ப விழாவுக்காக விடுப்பு. என் குடும்பத்தின் புனிதரும் அவரே. பத்து மணிக்கு வீடு திரும்பினேன். ரதோய்கா வாசலில் கோதுமைத் தட்டோடு நின்றாள். இரவு பதினொன்று வரை ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கூமின் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் ரதோய்கா பார்த்துக்கொண்டாள்.

அவன் வரவில்லை.

டிசம்பர் 27, வியாழன்

எட்டாம் நாள். விதித்தொகுப்பு அமலுக்கு வந்தது.

காலையில் நடைவழியில் யோவிட்சா பலகையின் முன் நின்றிருந்தார். மூக்குக் கண்ணாடி இல்லாததால் தாளோடு முகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். 37: வால்வுப் பணியாளர். எண்ணிக்கை: 0. விரலை அந்தப் பூஜ்யத்தின் மேலேயே வைத்திருந்தார். நான் வந்தது தெரிந்து திரும்பினார்.

"சார், இங்க ஒரு மூல கழண்டிருக்கு" என்றார். தொங்கிய குண்டூசியைப் பிடுங்கி, தாளை நேராக்கி, கட்டைவிரலால் அழுத்திக் குத்திவிட்டுப் போனார்.

பதினான்கு கடிதங்கள். பதினான்கிலும் என் கையெழுத்து. வரிசை எண் ஐந்நூற்று மூன்றிலிருந்து ஐந்நூற்றுப் பதினாறு வரை. இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.